வண்டி உங்க வீட்ல, ஆர்சி இன்னொருத்தர் பேர்ல: அடிக்கடி நின்னுபோற ஏழு சீட்டர் கார் வச்சிருக்கிற தம்பிக்கு

குடியாத்தத்துல இருந்து ஒரு தம்பி நீளமா எழுதியிருக்கார். ஆளை அடையாளம் காட்டற எல்லாத்தையும் எடுத்துட்டு விஷயத்தை மட்டும் சொல்றேன். லுங்கி வியாபாரம், வீட்ல ஆறு பேர், அம்மாவுக்கு வாரத்துல ரெண்டு நாள் வேலூர்ல டயாலிசிஸ். பஸ்ல ஏறி இறங்க அவங்களால முடியாதுன்னு, பதினாலு மாசம் முன்னாடி சென்னைல ஒரு பழைய கார் டீலர் கிட்ட 2014 மாடல் டீசல் ஏழு சீட்டர் ஒண்ணை 3,60,000 ரூபாய்க்கு வாங்கியிருக்கார். 2 லட்சம் பேங்க்ல போட்டது, மீதியை கையில குடுத்தது, அந்த மீதிக்கு வீட்டம்மா நகை இன்னும் அடகுலதான் இருக்கு.

"வசதின்னா இந்த வண்டிதான்க்கா, கடைசி சீட்டை மடிச்சா லுங்கி பேல் ஏறிடுது, அம்மா காலை நீட்டி சாஞ்சுக்கறாங்க, பசங்க பின்னாடி தூங்கிடறாங்க. ஆனா எந்த நாள் எங்க நிக்கும்னு சொல்ல முடியல"ன்னு எழுதியிருக்கார். போன அக்னி நட்சத்திரத்துல டயாலிசிஸ் முடிச்சு அம்மாவ இட்டுனு வரும்போது பள்ளிகொண்டா கிட்ட ஹைவேல டெம்பரேச்சர் முள்ளு சிவப்புக்கு ஏறி, பானட்ல இருந்து ஆவி வந்து, நடு வெயில்ல அம்மாவ ரோட்டோரம் உக்கார வச்சிருக்கார். இதுவரைக்கும் ஹெட் கேஸ்கெட், வாட்டர் பம்ப், இஞ்செக்டர்னு 90,000-க்கு மேல செலவு, பாதிக்கு பில் இல்ல.

இதுல இன்னொண்ணு. விளம்பரத்துலயும் வாங்கும்போது மீட்டர்லயும் 68,000 கிலோமீட்டர். ஹெட் கேஸ்கெட் மாத்தும்போது பானட்டுக்கு உள்பக்கம் கிரீஸ் படிஞ்சு ஒரு பழைய ஆயில் சர்வீஸ் ஸ்டிக்கர் இருந்திருக்கு, துடைச்சுப் பாத்தா "அடுத்த சர்வீஸ் 1,45,000"ன்னு பால்பாயின்ட்ல எழுதியிருக்கு.

தம்பி கேக்கறது நாலு. கார் கம்பெனி மேல கேஸ் போடலாமா, ஏன்னா இந்த மாடலே இப்படித்தான்னு எல்லாரும் சொல்றாங்க. "வண்டியை பாத்து திருப்தியா வாங்கிக்கிட்டேன், பின்னாடி எந்த புகாரும் இல்ல"ன்னு டீலர் கிட்ட கையெழுத்து போட்டுட்டதால இனிமே பேச வழியே இல்லையா. பத்து வருஷம் தாண்டின டீசல் வண்டியை கவர்மென்ட் எடுத்துக்கும்னு சொல்றாங்களே. கடைசியா, மச்சான் 2 லட்சத்துக்கு கேக்கறார், தள்ளி விட்டுடவா.

தம்பி, நாலுக்கும் பதில் சொல்றேன். ஆனா உங்க கடிதத்துல ரெண்டு வரி போற போக்குல எழுதியிருக்கீங்க, "ஆர்சி இன்னும் பழைய ஓனர் பேர்லதான் இருக்கு, பேர் மாத்தறதுக்கு அவர் கையெழுத்து போட்ட ஃபார்ம் 29, 30 பீரோல இருக்கு", அப்புறம் "பழைய வண்டிதானேன்னு தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் மட்டும் கட்டறேன்". எனக்கு ரேடியேட்டரை விட இந்த ரெண்டு வரிதான் பயமா இருக்கு, அதனால அதுல இருந்தே ஆரம்பிக்கறேன்.

உள்ள உக்காந்திருக்கிற உங்க வீட்டுக்கு இப்ப கவர் இல்ல

தேர்ட் பார்ட்டி பாலிசின்னா வெளிய இருக்கிறவங்களுக்கு. உங்க வண்டி இடிச்சு ரோட்ல போற ஒருத்தருக்கு அடிபட்டா இன்ஷூரன்ஸ் கம்பெனி குடுக்கும், பாலிசி பழைய ஓனர் பேர்ல இருந்தாலும் மோட்டார் வாகனச் சட்டம் 157-வது பிரிவுப்படி அது வண்டியோட சேந்து உங்களுக்கு மாறினதா எடுத்துக்குவாங்க. அதுவரைக்கும் சரி. ஆனா காருக்கு உள்ள இருக்கிற அம்மா, வீட்டம்மா, பசங்க? தேர்ட் பார்ட்டி மட்டும் இருக்கிற ப்ரைவேட் கார்ல சும்மா பயணம் பண்றவங்களுக்கு அந்த பாலிசி பொறுப்பு ஏத்துக்காது, முழு பாலிசி, அதாவது நாம கம்ப்ரிஹென்சிவ்னு சொல்றது, அது இருந்தாத்தான் உள்ள இருக்கிறவங்களுக்கும் சேத்து கவர்னு 2012-ல உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லியிருக்கு. ஆறு பேரை ஏத்திட்டு ஹைவேல போற வண்டிக்கு நீங்க மிச்சம் பிடிக்கிற பிரீமியம் இந்த இடத்துலதான் கை வைக்குது.

இன்னும் இருக்கு. ஓட்டற ஓனருக்கு 15 லட்சம் பெர்சனல் ஆக்சிடன்ட் கவர்னு ஒண்ணு உண்டு. அது யார் பேர்ல ஆர்சியும் பாலிசியும் இருக்கோ, அவருக்கு லைசென்ஸும் இருக்கணும், அவருக்குத்தான். நீங்க ஓட்டும்போது உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா, அப்படி ஆகக்கூடாது, ஆனா ஆச்சுன்னா உங்க வீட்டம்மா அந்தப் பணத்தை கேக்க முடியாது, ஏன்னா காகிதத்துல நீங்க அந்த வண்டிக்கு யாரோ. நாளைக்கே முழு பாலிசி எடுத்தா கூட ஆர்சி மாறாம எடுத்தீங்கன்னா, வண்டிக்கு ஆகிற டேமேஜ் க்ளைம்ல "எங்களுக்கும் உங்களுக்கும் ஒப்பந்தமே இல்ல"ன்னு சொல்லி திருப்பி அனுப்பிடுவாங்க. 157-வது பிரிவு காப்பாத்தறது தேர்ட் பார்ட்டியை மட்டும்தான்.

"ஆர்சி வேற பேர்ல இருந்தா கேஸ் வந்தாலும் அவர் தலையிலதான் விழும்"னு டீலர் சொன்னதா எழுதியிருக்கீங்க. பாதி உண்மை, அதனாலதான் ஆபத்து. ரிஜிஸ்டர்ல யார் பேரு இருக்கோ அவர்தான் ஓனர், அவர் பொறுப்புன்னு 2018-ல உச்ச நீதிமன்றம் நவீன் குமார் கேஸ்ல சொன்னது சரி. ஆனா ஓட்டினவன் பொறுப்பு எங்கயும் போகாது, பாலிசி ஒரு நாள் லேப்ஸ் ஆன சமயத்துல விபத்து நடந்தா நஷ்டஈடு ஓட்டின உங்க மேலயும் வரும், அந்த பழைய ஓனரும் தான் கட்டினதை உங்க கிட்ட வசூல் பண்ண வருவார்.

சட்டப்படி வண்டி கை மாறினா விக்கிறவர் 14 நாள்ல சொல்லணும், வாங்கினவர் 30 நாளுக்குள்ள தான் குடியிருக்கிற ஏரியா ஆர்டிஓ கிட்ட மனு குடுக்கணும், இது 50-வது பிரிவு. நீங்க லேட். பரவாயில்ல, தாமதக் கட்டணம் கட்டி இப்பவும் மாத்தலாம். பீரோல இருக்கிற ஃபார்ம் மட்டும் போதும்னு நினைச்சிடாதீங்க, இப்ப மனு ஆன்லைன்ல போகுது, பழைய ஓனர் போனுக்கு ஓடிபி போற கட்டம் வரும், அதனால அந்த மனுஷனைப் புடிச்சாகணும். சண்டைக்காரர் மாதிரி போகாதீங்க, "சார், வண்டி இன்னும் உங்க பேர்ல இருக்கு, நாளைக்கு ஏதாவது ஆனா சம்மன் உங்க வீட்டுக்குத்தான் வரும், வாங்க முடிச்சிடலாம்"னு சொல்லுங்க, பெரும்பாலும் அவங்களே ஓடி வருவாங்க. கவர்மென்ட்டோட பரிவாஹன் சைட்ல வண்டி நம்பர் போட்டுப் பாத்துக்கங்க, அபராத சலான் ஏதும் நிலுவைல இருக்கா, லோன் குடுத்த ஃபைனான்ஸ் பேரு இன்னும் நிக்குதான்னு. பேரு நின்னா, லோன் முடிஞ்சதுக்கு அவங்க குடுக்கிற ஆட்சேபணை இல்லைங்கற கடிதமும் (என்ஓசி), ஆர்சில இருந்து அவங்க பேரை நீக்கற ஃபார்ம் 35-ம் வேணும், அது இல்லாம பேர் மாறாது. லோனே முடியலைன்னா ஃபைனான்ஸ்காரங்க வண்டியைத் தேடி உங்க வாசலுக்கே வரலாம், அப்ப விஷயம் வேற, உடனே ஒரு வக்கீலைப் பாருங்க.

பேர் மாறினதும் முழு பாலிசி. க்ளைம் கேக்காத வருஷத்துக்கு பிரீமியத்துல குடுக்கிற நோ க்ளைம் போனஸ் தள்ளுபடி ஆளைச் சேந்தது, வண்டியைச் சேந்தது இல்ல, அதனால பழைய ஓனருக்கு வந்த தள்ளுபடியை உங்க பேர்ல கேக்காதீங்க, பின்னாடி க்ளைம் வரும்போது அதையே காரணமா பிடிச்சுக்குவாங்க.

இன்னும் ரெண்டு சொல்லணும், கேக்க கஷ்டமாத்தான் இருக்கும். பக்கத்துத் தெருக்காரங்களை வேலூர் ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போய் 1,500 வாங்கறதா எழுதியிருக்கீங்க. உதவிதான், எனக்குப் புரியுது, டீசல் செலவும் இருக்கு. ஆனா ஒயிட் போர்டு வண்டில காசு வாங்கி ஆள் ஏத்தினா அது பர்மிட் இல்லாம வாடகைக்கு ஓட்டினது, 192ஏ பிரிவுல கேஸும் வரும், பாலிசி நிபந்தனையையும் மீறினதா ஆகும். லுங்கி பேலும் அதே கதைதான், ப்ரைவேட் கார் பாலிசியில சாம்பிளும் சொந்த லக்கேஜும் தவிர சரக்கு ஏத்தறதை விலக்கி வச்சிருக்காங்க. ரெண்டு பீஸ் சாம்பிள் கடைக்கு காட்ட எடுத்துட்டுப் போங்க, பேலுக்கு ஒரு குட்டி யானை பேசிக்கங்க.

கம்பெனி மேல கேஸ் வேண்டாம், டீலர் மேல போடுங்க

பதினோரு வருஷம் ஓடின வண்டி, வாரன்டி எப்பவோ முடிஞ்சது, நீங்க ரெண்டாவதோ மூணாவதோ ஓனர். தயாரிப்புலயே குறைன்னு நிரூபிக்க நிபுணர் ரிப்போர்ட் வேணும், எதிர்ப்பக்கம் "ரேடியேட்டர்ல கூலன்ட்டுக்கு பதிலா போர் தண்ணி ஊத்தியிருக்காங்க"ன்னு ஒரே கேள்வில கதையை முடிச்சிடுவாங்க. உங்க மெக்கானிக் அதைத்தான் ஊத்தியிருக்கார்னு நீங்களே எழுதியிருக்கீங்க. நம்ம பாலாத்து ஓரத்து உப்புத் தண்ணி பாத்திரத்துலயே வெள்ளையா படியுது, ரேடியேட்டர் ட்யூபுக்குள்ள படியாம இருக்குமா. மாடல் மோசம்னு ஊரே பேசறது கோர்ட்ல சாட்சி ஆகாது. ஒண்ணு மட்டும் செய்யுங்க, கம்பெனி வெப்சைட்ல சேஸிஸ் நம்பரைப் போட்டு இந்த வண்டிக்கு ரீகால் ஏதாவது நிலுவைல இருக்கான்னு பாருங்க, இருந்தா அந்த வேலை இலவசமா செஞ்சு குடுப்பாங்க.

டீலர் விஷயம் வேற. அவர் வியாபாரி, நீங்க காசு குடுத்த நுகர்வோர். அடுத்த சர்வீஸே 1,45,000-லன்னு ஸ்டிக்கர் சொல்ற வண்டியை 68,000-ன்னு சொல்லி வித்தது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ல சொல்ற முறையற்ற வணிக நடைமுறை. "நான் மீட்டரைத் தொடலை, ஓனர் மாத்தியிருப்பார்"னு சொல்வார், சொல்லட்டும், விளம்பரத்துல 68,000-ன்னு போட்டது அவர். "எந்த புகாரும் இல்ல"ன்னு நீங்க போட்ட கையெழுத்து, வண்டியைப் பாத்து தெரிஞ்சுக்கக்கூடிய கீறல், டயர் தேய்மானம் மாதிரி விஷயத்துல உங்களுக்கு எதிரா நிக்கலாம். ஆனா பொய் சொல்லி வாங்கின சம்மதம் முழுச் சம்மதம் ஆகாது, 1872-ல வந்த ஒப்பந்தச் சட்டம் 19-வது பிரிவுலயே இருக்கு. அந்த ஒரு தாளைப் பாத்து இத்தனை மாசம் வாயை மூடிட்டு இருந்திருக்கீங்களேன்னுதான் எனக்கு வருத்தம்.

பழைய வண்டி விக்கிற டீலருங்களுக்கு 2023 ஏப்ரல் 1-ல இருந்து தனி விதிகளே இருக்கு. ஆர்டிஓ கிட்ட அனுமதிச் சான்று வாங்கியிருக்கணும், வண்டி அவங்க கைக்கு வந்ததை தெரியப்படுத்தணும், அவங்க கையில இருக்கிற வரைக்கும் அவங்களையே ஓனரா கருதணும். உங்க டீலர் இதெல்லாம் செஞ்சாரான்னு நோட்டீஸ்ல கேக்கணும். செய்யலைன்னா அது உங்க கேஸுக்கு இன்னொரு பலம்.

சென்னைக்கு அலையணுமேன்னு கவலைப்பட்டிருக்கீங்க. தேவையில்ல. புகார் குடுக்கிறவர் எங்க குடியிருக்காரோ அந்த மாவட்டத்துல போடலாம்னு புதுச் சட்டத்துலயே வந்துடுச்சு, வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும், இ-ஜாக்ரிதி தளத்துல ஆன்லைன்லயும் தாக்கல் பண்ணலாம். 5 லட்சம் வரைக்கும் விலை குடுத்த பொருளுக்கு கட்டணம் கிடையாது. ஆனா ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். ஸ்டிக்கரைப் பாத்த நாள்ல இருந்து எண்ணலாம்னு வாதாட இடம் இருக்கு, அந்த வாதத்தை நம்பி இருக்காதீங்க, வாங்கின தேதில இருந்தே எண்ணிக்கங்க. அப்படிப் பாத்தா இன்னும் பத்து மாசம்.

எதை வச்சு நிரூபிக்கிறது

முதல்ல அந்த ஸ்டிக்கர். பிய்க்காதீங்க, கழுவாதீங்க, வாட்டர் சர்வீஸ் விடறவன் கிட்டயும் சொல்லி வைங்க. சேஸிஸ் நம்பரும் ஸ்டிக்கரும் ஒரே வீடியோல வர மாதிரி கேமராவை நகத்தி எடுங்க. ஆனா அது தனியா நிக்காது, யாரோ ஒட்டினதுன்னு சொல்லிடுவாங்க. கம்பெனி சர்வீஸ் சென்டர்ல வண்டி நம்பர் குடுத்து பழைய சர்வீஸ் விவரம் எழுத்துல கேளுங்க, ஒவ்வொரு ஜாப் கார்டுலயும் அன்னைக்கு எத்தனை கிலோமீட்டர்னு பதிவாகி இருக்கும், அதுதான் முதுகெலும்பு. ஓனர் பேர் மாறாததால உங்களுக்கு குடுக்க யோசிப்பாங்க, பேர் மாத்தற வேலை முதல்ல நடக்கணும்னு நான் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம். அப்படியும் தரலைன்னா ஆணையத்துல மனு போட்டு வரவழைக்கலாம்.

வாட்ஸ்அப்ல டீலர் அனுப்பின விளம்பரம், மீட்டர் ஃபோட்டோ, "68 தான் சார் ஓடியிருக்கு"ன்னு வந்த வாய்ஸ் மெசேஜ் எல்லாம் இருக்கிறதா எழுதியிருக்கீங்க, நல்லது. ஸ்க்ரீன்ஷாட் எடுங்க, ஆனா அந்த போனை விக்கவோ ரீசெட் பண்ணவோ வேண்டாம், புது சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியம் 63-வது பிரிவுப்படி சான்று குடுக்க அசல் போன் கையில இருக்கிறது நல்லது. கையில குடுத்த 1,60,000-க்கு ரசீது இல்லைன்னா, நகை அடகு வச்ச தேதி, பணம் எடுத்த தேதி, அன்னைக்கு டீலரோட பேசின மெசேஜ் இதையெல்லாம் ஒண்ணா வைங்க.

பெரிய ரிப்பேர் எதையும் இப்ப ஆரம்பிக்காதீங்க. வண்டியே சாட்சி. முதல்ல கம்பெனி சர்வீஸ் சென்டர்ல காசு கட்டி முழு இன்ஸ்பெக்ஷன் பண்ணி எழுத்துல ரிப்போர்ட் வாங்குங்க, அப்புறம் தவிர்க்க முடியாத ரிப்பேரை மட்டும் பண்ணுங்க, பில் கேளுங்க, கழட்டின பழைய பார்ட்டை அட்டைப் பெட்டில போட்டு தேதி எழுதி வைங்க.

அதுக்கப்புறம் டீலருக்கு 15 நாள் டைம் குடுத்து ஒரு நோட்டீஸ். என்ன கேக்கறதுன்னு யோசிச்சுக்கங்க. பதினாலு மாசம் ஓட்டிட்டதால முழுப் பணமும் திரும்ப வரும்னு நான் ஆசை காட்ட மாட்டேன். நிஜ கிலோமீட்டருக்கு அந்த வண்டி என்ன விலை போகுமோ அதுக்கும் நீங்க குடுத்ததுக்கும் உள்ள வித்தியாசம், பில் இருக்கிற ரிப்பேர் செலவு, மன உளைச்சலுக்கு ஒரு தொகை, இது நியாயமா வாங்கக்கூடியது. நோட்டீஸ் போனதும் பாதி டீலருங்க பேச்சுவார்த்தைக்கு வந்துடுவாங்க, வந்தா எழுத்துல முடிங்க. மூணு மாசம், டெஸ்ட் தேவைப்பட்டா அஞ்சு மாசத்துல முடிக்கணும்னு சட்டம் சொல்லுது, நடைமுறைல அதை விட இழுக்கும், மனசை அதுக்கு தயார் பண்ணிக்கங்க. புது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 318-ல மோசடி புகாரும் குடுக்க முடியும், ஆனா சர்வீஸ் ரெக்கார்டு கையில வராம ஸ்டேஷனுக்குப் போனா "இது சிவில் விவகாரம்"னு அனுப்பிடுவாங்க. அதனால அது ரெண்டாவது.

பத்து வருஷக் கணக்கு, மச்சான், அம்மா

பத்து வருஷ டீசல் தடை டெல்லி பக்கத்து விதி. தமிழ்நாட்ல ப்ரைவேட் காருக்கு ரிஜிஸ்ட்ரேஷன் 15 வருஷம், உங்களுக்கு 2029 வரைக்கும் இருக்கு, அதுக்கப்புறம் தகுதிச் சோதனை பண்ணி அஞ்சு வருஷம் நீட்டிக்கலாம். யாராவது இதைச் சொல்லி அடிமாட்டு விலைக்கு கேட்டா குடுக்காதீங்க.

மச்சானுக்கு விக்கறது வேண்டாம் தம்பி. இப்ப உங்க பேர்லயே இல்லாத வண்டியை நீங்க எப்படி எழுதிக் குடுப்பீங்க. அதைவிட, ஸ்டிக்கர் விஷயம் தெரிஞ்சும் மறைச்சு வித்தா டீலர் உங்களுக்கு செஞ்சதையே நீங்க அவருக்கு செஞ்சதா ஆகும், தங்கச்சி வீட்டு வாசப்படி ஏற முடியாது. எல்லாம் சொல்லியும் வேணும்னா, கேஸ் முடிஞ்ச பிறகு, பேர் மாத்திட்டு, சர்வீஸ் ரெக்கார்டு காட்டற நிஜ கிலோமீட்டரை எழுதி குடுங்க.

விக்கணும்னு வீட்டம்மாவும், வேண்டாம்னு அம்மாவும் சொல்றாங்கன்னு எழுதியிருக்கீங்க. எனக்கு ரெண்டு பேர் பக்கமும் நியாயம் தெரியுது. இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்ல இன்ஜின் தாங்கும்னு வந்தா, ரேடியேட்டரை சரியா சுத்தம் பண்ணி கூலன்ட் ஊத்தி, ஊருக்குள்ள, கோயில் குளம், பசங்க ஸ்கூலுக்கு வச்சுக்கங்க, ஏழு பேர் உக்கார்ற வண்டி இனி இந்த விலைக்கு கிடைக்காது. ஆனா டயாலிசிஸ் நாள் மட்டும் இந்த வண்டில வேண்டாம். டயாலிசிஸ் முடிஞ்சு வர்றவங்களுக்கு பிரஷர் இறங்கி மயக்கம் வரலாம், அந்த நிலைல அவங்களை ஹைவே ஓரத்துல வெயில்ல உக்கார வைக்கிற மாதிரி இன்னொரு தடவை ஆகவே கூடாது. மஞ்ச போர்டு டாக்ஸி ஒருத்தர் கிட்ட மாசக் கணக்கா பேசிக்கங்க, இந்த வருஷம் ரிப்பேருக்குப் போனதைக் கணக்குப் போட்டுப் பாருங்க, அதுல எத்தனை ட்ரிப் போயிருக்கலாம்னு தெரியும். வழியில அவங்களுக்கு உடம்பு முடியாமப் போனா மெக்கானிக்குக்கு முன்னாடி 108-க்கு போன் பண்ணுங்க.

வக்கீல் ஃபீஸுக்கு யோசிச்சா 15100-க்கு கூப்பிடுங்க, சட்டப் பணிகள் ஆணைக்குழு நம்பர், உங்களுக்கு இலவச வக்கீல் கிடைக்குமான்னு சொல்லுவாங்க. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915. பாலிசி எந்த தேதி முடியுதுன்னு நீங்க எழுதலை, இன்னைக்கே எடுத்துப் பாருங்க. அந்த தேதிக்கு முன்னாடி பழைய ஓனர் கிட்ட பேசி ஆர்டிஓல மனு ஏத்திடுங்க, மனு போட்ட ரசீது கிடைச்சதும் ஒரு காப்பியை எனக்கு அனுப்புங்க, நோட்டீஸ் எப்படி எழுதறதுன்னு அதைப் பாத்துட்டு சொல்றேன்.